பழைய குடோனை வாடகை அறைகளாகப் பிரிக்கிறீர்களா? நாலு சிலிண்டர் போதாது

கேட்ட கேள்வி இது: மதுரை ஒத்தக்கடை பக்கம் அப்பா காலத்து அரிசி குடோன் சும்மா கிடக்கிறது. அதை முப்பது சின்ன அறைகளாகத் தடுத்து, வெளிநாடு போகிறவர்களின் வீட்டுச் சாமான், விளக்குத்தூண் வியாபாரிகளின் சரக்கு, பந்தல்காரர்களின் நாற்காலி எல்லாம் வைக்க மாத வாடகைக்கு விடப்போகிறார் ஒரு தம்பி. "ஃபயர் சிலிண்டர் நாலு வாங்கி மாட்டினால் போதுமா, வேறு என்ன செய்யணும்? பட்டாசுக் கடை நடத்தும் சின்ன மாமனார் தீபாவளிக்கு முன்னால் இரண்டு மாதத்துக்கு ஓர் அறை கேட்கிறார், கொடுக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

போதாது தம்பி. இருபத்தாறு வருஷம் குடோன் சூப்பர்வைசராக இருந்த அனுபவத்தில் சொல்கிறேன், சிலிண்டர் வாங்குவது கடைசி வேலை. முதல் வேலை வாசலில் இருக்கிறது.

அரிசி குடோனுக்கும் நீங்கள் இப்போது ஆரம்பிக்கப் போவதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. அப்பா காலத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியும். எத்தனை சிப்பம், எந்த அட்டியில், எப்போது வந்தது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பார். இனிமேல் முப்பது பூட்டு, முப்பது சாவி, ஒன்றுகூட உங்கள் கையில் இருக்காது. பூட்டு அவர்களுடையது, தீ பிடித்தால் கட்டிடம் உங்களுடையது. பக்கத்து அறைக்காரரின் பத்து வருஷ வீட்டுச் சாமானும் அதே கூரைக்குக் கீழேதான். அதனால் சாமான் இறங்கும்போது கூட நின்று பார்க்காமல் ஒரு அறையைக்கூடப் பூட்ட விடாதீர்கள். வாசலில் ஒரு மேஜை, ஒரு நோட்டு, பார்க்கத் தெரிந்த ஒரு ஆள். இதற்கு ஆகும் சம்பளத்தை வாடகையில் சேர்த்துக்கொள்ளுங்கள், தப்பில்லை.

யாரும் வேண்டுமென்று மறைப்பதில்லை. வீடு காலி செய்கிற அவசரத்தில் என்ன கட்டினோம் என்று அவர்களுக்கே மறந்துவிடும். நான் எப்போதும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "கடைசியாக் கட்டின பெட்டி எதும்மா?" அந்தப் பெட்டியில்தான் எல்லாம் இருக்கும். கடைசி நாள் காலையில் சாமி கும்பிட்டுவிட்டு எடுத்துவைத்த கற்பூரம், விளக்கெண்ணெய், தீப்பெட்டி, பாதி தீர்ந்த கொசுமருந்து, லைட்டர், பெயிண்ட் மிச்சம், தின்னர் பாட்டில். அந்த ஒரு பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் பாதிக் கவலை தீரும்.

கேஸ் சிலிண்டரை எந்தக் காரணத்துக்கும் உள்ளே விடாதீர்கள். "காலி சிலிண்டர்தான் சார்" என்பார்கள். அடுப்பு எரியவில்லை என்றால் காலி என்பது நம் கணக்கு. உள்ளே மிச்ச வாயு இருக்கத்தான் செய்யும். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, மேலே போகாது. தரையோடு தவழ்ந்து, ஷட்டர் போட்ட அறைக்குள் தேங்கி நிற்கும். ஒரு மாதம் கழித்து ஷட்டரைத் தூக்கி ஸ்விட்சைப் போடுகிற ஆளுக்கு என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். சமையல் காண்ட்ராக்ட்காரர்கள் சித்திரைத் திருவிழா சீசன் முடிந்ததும் அண்டா, கரண்டி, அடுப்போடு சிலிண்டரையும் சேர்த்து இறக்கப் பார்ப்பார்கள். அண்டாவுக்கு இடம் கொடுங்கள், சிலிண்டரை வண்டியிலேயே திருப்பி அனுப்புங்கள்.

மோட்டார் சைக்கிள் வைக்க வந்தால் பெட்ரோலை முழுக்க வடித்து, பேட்டரி ஒயரைக் கழற்றிய பிறகுதான் உள்ளே. பழைய ஃபிரிட்ஜ் வந்தால் கதவைத் திறந்த நிலையில் கயிறு போட்டுக் கட்டிவைக்கச் சொல்லுங்கள். அப்பா சாமான் அடுக்கும்போது பிள்ளைகள் ஒளிந்து விளையாடுவது நடக்கிற விஷயம், பழைய ஃபிரிட்ஜ் கதவு உள்ளிருந்து தள்ளினால் திறக்காது.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர், அதன் கழற்றிய பேட்டரி இரண்டையும் நான் அனுமதிக்கவே மாட்டேன். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்ட ஸ்கூட்டர் எரிந்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் மகளும் இறந்தது நினைவிருக்கும். லித்தியம் பேட்டரி அடிபட்டோ சூடேறியோ கெட்டுவிட்டால் சார்ஜில் இல்லாதபோதும் பற்றலாம். பவுடர் அடித்தால் தீ அடங்கியது போலத் தெரியும், உள்ளே சூடு இருக்கும்வரை திரும்பப் பற்றும். நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவைத்தால்தான் அடங்கும். ஷீட் கூரைக்குக் கீழே மே மாதத்தில் அதை வைக்கவேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

அரிசி, பருப்பு, புளி, மிளகாய் வற்றல், கருவாடு எதுவும் வீட்டுச் சாமானோடு வரக்கூடாது. இது தீக்காக இல்லை, எலிக்காக. எலி வந்தால் ஒயரைக் கடிக்கும், பாம்பு பின்னாலேயே வரும். இன்னொன்றும் செய்யும், அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

நான் வேலை பார்த்த ஒரு குடோனில் ஆயுத பூஜை முடிந்து, தராசுக்குப் பக்கத்தில் அகல் விளக்கை எரியவிட்டுவிட்டு எல்லோரும் பொரிகடலையை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டோம். தானாக அணைந்துவிடும் என்று ஒரு நினைப்பு. மறுநாள் காலையில் வந்தால் விளக்கில் திரி இல்லை. ஒரு பையன் மேலே ஏறிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இங்க வாங்க" என்று கூப்பிட்டான். ஒன்பதாவது அடுக்கில் சாக்கின் மேல் கருகிய திரி, அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தீய்ந்த ஓட்டை. எண்ணெய் வாசனைக்கு எலி எரிகிற திரியை இழுத்துக்கொண்டு மேலே ஏறியிருக்கிறது. அரிசிச் சாக்காக இருந்ததால் கருகியதோடு நின்றது. பஞ்சு மெத்தையாக இருந்திருந்தால் எனக்கு வேலை மட்டுமல்ல, அந்தத் தெருவே போயிருக்கும். உங்கள் இடத்திலும் ஆயுத பூஜை வரும், பூஜை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வாசலுக்கு வெளியே வையுங்கள், சூடம் அணைந்து திரியை எண்ணெயில் அழுத்தி அணைத்த பிறகு கிளம்புங்கள். அறைக்குள் வாடகைக்காரர் யாரும் விளக்கு, ஊதுபத்தி, சாம்பிராணி ஏற்றக்கூடாது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். பீடி சிகரெட்டுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இனி கட்டிடம். தடுப்புக்கு பிளைவுட் மலிவு என்று கார்பென்டர் சொல்வார், கேட்காதீர்கள். செங்கல் அல்லது ஹாலோ பிளாக். எல்லாச் சுவரையும் கூரைவரை ஏற்ற முடியாது, காற்றும் வேண்டும். எட்டடி உயரத்துக்குச் சுவர், அதற்கு மேல் கம்பி வலை போதும். ஆனால் ஐந்தாறு அறைக்கு ஒரு சுவரையாவது கூரையைத் தொடும்வரை முழுதாக எழுப்புங்கள். ஒரு பகுதியில் பிடித்த தீ அங்கேயே நிற்க அந்தச் சுவர்தான் நேரம் வாங்கிக் கொடுக்கும். சாமான் அடுக்கு சுவரின் உயரத்தைத் தாண்டக்கூடாது, கூரைக்கும் விளக்குக்கும் பக்கத்தில் போகக்கூடாது.

நம் ஊரில் இதைச் சொல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை. 2018 பிப்ரவரி 2 இரவு மீனாட்சி அம்மன் கோயிலில் கடைகளில் பிடித்த தீ, வீரவசந்தராயர் மண்டபத்தின் கல் கூரையையே விழவைத்தது. கல்லே சூட்டில் வெடிக்கும்போது உங்கள் இரும்புச் சட்டம் எம்மாத்திரம்? 2020 தீபாவளி நேரத்தில் விளக்குத்தூண் அருகே நவபத்கானா தெருவில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கப்போன தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர், பழைய கட்டிடம் இடிந்து விழுந்து இறந்தார்கள். ஜவுளி மூட்டை நிறைந்த பழைய கட்டிடம் என்றால் அதுதான் நீங்கள் நடத்தப்போகும் இடமும். உங்கள் கட்டிடத்துக்குள் யாரோ ஒரு வீட்டுப் பிள்ளை குழாயைப் பிடித்துக்கொண்டு நுழைய வேண்டி வரும் என்பதை மனதில் வைத்துக் கட்டுங்கள். சுவரைத் தடுக்கும் முன்பே ஒரு பொறியாளரைக் கூப்பிட்டுத் தூண், சட்டம், கூரை மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பின்பக்கம் இன்னொரு வாசல் கட்டாயம் வேண்டும். கேட் குறைந்தது 4.5 மீட்டர் அகலம் இருந்தால்தான் தீயணைப்பு வண்டி நுழையும். அதன் முன்னால் லோடு ஆட்டோ நிறுத்த விடாதீர்கள். தீயணைப்புத் துறையிடம் உரிமம் வாங்கப் போகும்போது வரைபடத்தைக் கையோடு கொண்டுபோய் அவர்களிடமே யோசனை கேளுங்கள், நன்றாகச் சொல்லித் தருவார்கள்.

அறைக்குள் பிளக் பாயின்ட் வைக்கவே வேண்டாம். வைத்தால் யாராவது ஒருவர் அயர்ன் பாக்ஸ் போடுவார், ஒருவர் பேட்டரி சார்ஜ் போடுவார், ஒருவர் தையல் மிஷினை இறக்கித் தொழிலே நடத்துவார். நடைபாதையில் மட்டும் எல்.இ.டி. விளக்கு, ஒயர் எல்லாம் குழாய்க்குள். மின்கசிவு வந்தால் தானாக அணைத்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஸ்விட்ச் கட்டாயம். இரவு பூட்டும்போது கேமரா, புகை அலாரம் இரண்டுக்கும் போகும் லைனைத் தவிர மற்றதையெல்லாம் மெயினில் அணைத்துவிட வேண்டும். புகை அலாரத்தின் சத்தம் வாட்ச்மேன் படுக்கும் இடத்தில் கேட்கிறதா என்று மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.

இப்போது நீங்கள் கேட்ட சிலிண்டர். 6 கிலோ ஏ.பி.சி. பவுடர் சிலிண்டரை அடித்தால் சுமார் 20 வினாடியில் தீர்ந்துவிடும். அது குப்பைத்தொட்டி அளவு தீக்கு. எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒன்று கைக்கு எட்டுகிற மாதிரி, சாமான் மறைக்காத இடத்தில் மாட்டுங்கள். முள் பச்சையில் நிற்கிறதா என்று பாருங்கள், மாதம் ஒருமுறை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், பவுடர் அடியில் கட்டிபிடித்துக் கிடக்கும். மெத்தை, துணி, அட்டைப்பெட்டி எரிந்தால் தண்ணீர்தான் மருந்து. மேல்நிலைத் தொட்டியிலிருந்து எந்த மூலைக்கும் எட்டுகிற ஹோஸ் ரீல் (உருளையில் சுற்றிய தண்ணீர்க் குழாய்) ஒன்று போடுங்கள். இருபது வினாடியில் அடங்காவிட்டால் வீரம் காட்டாமல் எல்லோரும் வெளியே வந்து 101க்கோ 112க்கோ அடிக்க வேண்டும். இதை வாட்ச்மேனுக்கும் லோடுமேன்களுக்கும் வாயால் சொன்னால் ஏறாது, ஒரு பழைய சிலிண்டரை மைதானத்தில் அவர்கள் கையாலேயே அடிக்க விடுங்கள். பின்னை உருவ மறந்து கைப்பிடியை அழுத்திக்கொண்டே நிற்கிற பெரிய ஆட்களைப் பார்த்திருக்கிறேன்.

தீயைப் பற்றி இவ்வளவு பேசினாலும், என் கண்முன் ஆள் முடமானது தீயால் இல்லை, கூரையால். ஒரு ஐப்பசி மழையில் சிமெண்ட் ஷீட்டில் ஒழுகுகிறது என்று தார் பூச ஒரு பையன் ஏறினான். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பார்க்கக் கல் மாதிரி இருக்கும், ஆள் எடை தாங்காது. கீழே சட்டம் ஓடுகிற ஆணி வரிசையின் மேல் கால் வைத்துப் போனவன், ஒரு அடி விலகி வைத்தான். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. பதினெட்டு அடி. இடுப்பெலும்பு போய், இன்றும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறான். உங்கள் குடோனும் அப்பா காலத்தது என்றால் கூரை அநேகமாக அதே ஷீட்தான். நேராக அதன் மேல் யாரையும் ஏற்றாதீர்கள். சட்டத்துக்குச் சட்டம் எட்டுகிற பலகை போட்டு, இடுப்பில் பெல்ட் கட்டி, கயிறைச் சட்டத்தில் பிணைத்துத்தான் ஏற வேண்டும். மாற்றுவதாக இருந்தால் உடைத்துத் தள்ளாமல் நனைத்து, முழு ஷீட்டாகக் கழற்றி இறக்கச் சொல்லுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

ஷட்டருக்கு ஒரே விதி: பூட்டும் முன் உள்ளே நுழைந்து மூலைவரை பார்த்து, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். வருகிறவர் பெயரும் போகிற நேரமும் நோட்டில் இருந்தால், மாலையில் கணக்குப் பார்க்கும்போது ஒரு பெயர் மிஞ்சினால் தெரிந்துவிடும். சாமான் அடுக்க வந்து அசந்து தூங்கிப்போன பெரியவர்மேல் ஷட்டர் விழுந்தால், மூடிய அறையின் சூட்டில் மறுநாள் வரை தாங்க மாட்டார்.

சூட்டை நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டாம். மதுரை வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ஷீட்டுக்குக் கீழே அதைவிட மோசமாக இருக்கும். கூரைமேல் வெள்ளை பூசி, சுழலும் காற்றாடி போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் காலை பதினொன்றுக்குள் இறக்கி முடிக்க வேண்டும், மிச்சம் மாலை நாலுக்கு மேல். பானைத் தண்ணீரும் உப்புப் போட்ட மோரும் கைக்கெட்ட இருக்கட்டும். வேலை செய்கிறவன் பேச்சுக் குளறி, வியர்வை நின்று, உடம்பு கொதித்தால் அது மயக்கம் இல்லை, வெப்பத்தாக்கு. நிழலில் போட்டு உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108க்குச் சொல்லுங்கள். நினைவில்லாத வாயில் சோடாவை ஊற்றாதீர்கள்.

ஒரு ஆள் தூக்கும் பாரத்துக்கு 55 கிலோ உச்சம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967லேயே சொன்னது. நம் ஆட்கள் பீரோவைத் தனியாக முதுகில் ஏற்றுவார்கள், "பழக்கம்ண்ணே" என்பார்கள். நாற்பது வயதில் அந்த முதுகைப் பாருங்கள். இரண்டு தள்ளுவண்டி வாங்கிப் போடுங்கள், பீரோவுக்கும் ஃபிரிட்ஜுக்கும் இரண்டு பேர் என்று விதி செய்யுங்கள். உங்களிடம் வழக்கமாக வருகிற லோடுமேன்களை 1982ஆம் வருஷத்து உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் உள்ள நலவாரியத்தில் பதியச் சொல்லி, நீங்களே கூட்டிப்போங்கள். செலவில்லாத உதவி, அவர்கள் குடும்பத்துக்குப் பெரிய விஷயம்.

எலிக்கு மருந்து வைக்கிறேன் என்று யாராவது அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையோடு வந்தால் வெளியே அனுப்புங்கள். 3 கிராம் மாத்திரை ஒன்று 1 கிராம் பாஸ்பீன் வாயுவை விடும். உங்கள் அறைகளின் மேல்பக்கம் வெறும் வலைதான், ஓர் அறையில் வைத்தது பக்கத்து அறைகளுக்கெல்லாம் போகும். 2024 நவம்பரில் குன்றத்தூரில் வீட்டில் வைத்த எலி மருந்தின் நச்சுக்காற்றில் இரண்டு குழந்தைகள் இறந்தன. பொறி வையுங்கள், ஓட்டையைக் கம்பி வலையும் சிமெண்டும் வைத்து அடையுங்கள். காலியான அறையில் எலிப் புழுக்கை கிடந்தால் காய்ந்த துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்பாமல், பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவிட்டு, கையுறை போட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். எலி மூத்திரத்தில் வருகிற எலிக்காய்ச்சல் கால் வெடிப்பு வழியாகக்கூட உள்ளே போகும்.

பாம்புக்கு: யானைமலை அடிவாரமும் வயல்காடும் பக்கத்தில் இருக்கிற ஊர் அது. வாட்ச்மேனைத் தரையில் படுக்கவிடாதீர்கள், கட்டிலும் கொசுவலையும் கொடுங்கள். கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில் படுத்திருக்கிறவரைத்தான் கடிக்கும், கடித்தது பல சமயம் வலிக்காது. யாரைக் கடித்தாலும் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் வேண்டாம். நடக்கவிடாமல் நேராக அரசு இராசாசி மருத்துவமனை.

மழைக்கு ஒரே வார்த்தை, தரையில் எதுவும் இருக்கக்கூடாது. 2024 அக்டோபர் 25 மழையில் செல்லூர்க்காரர்கள் வீட்டுக்குள் தண்ணீரைப் பார்த்தார்கள். அரை அடி உயர மரப்பலகை எல்லா அறைக்கும் நீங்களே போட்டுக்கொடுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி அடுக்கினால் கரையானும் கண்ணுக்குத் தெரியும்.

கடைசியாகச் சின்ன மாமனார். கொடுக்கக்கூடாது. பட்டாசு வைக்க 2008ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளின்படி உரிமம் வேண்டும், அது குறிப்பிட்ட இடத்துக்கு, குறிப்பிட்ட அளவுக்குத்தான். ஜவுளியும் மெத்தையும் இருக்கிற கூரைக்குக் கீழே அது கிடைக்காது. 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ஒரே கப்பலில் பஞ்சுப் பொதியும் வெடிபொருளும் ஏற்றியிருந்தார்கள். முதலில் புகைந்தது பஞ்சு. அன்றைக்குத் தீயணைப்புப் படையில் மட்டும் 66 பேர் இறந்தார்கள், நாடு முழுக்க தீயணைப்பு வாரம் அந்தத் தேதியில் தொடங்குவது அதனால்தான்.

சொந்தக்காரரிடம் மறுப்பது சங்கடம்தான், புரிகிறது. போனில் சொல்லாதீர்கள், நேரில் போங்கள். "மாமா, உள்ள இருபத்தொன்பது குடும்பத்துச் சாமான் இருக்கு, உரிமம் இல்லாம நான் வைக்க முடியாது. உங்க கடைக்கு உரிமம் கொடுத்த இடத்துலயே தனி ஷெட் போட எவ்வளவு ஆகும்னு பாருங்க, நானும் கூட வந்து அலையிறேன்" என்று சொல்லுங்கள். கோபப்பட்டால் இந்த தீபாவளி வரைக்கும் படட்டும். நீங்கள் மட்டும் ஐப்பசி பிறந்ததும் ஒருமுறை எல்லா அறைக்காரர்களையும் கூப்பிட்டு, அவர்கள் முன்னாலேயே ஷட்டரைத் திறந்து பார்த்துவிடுங்கள். சீட்டுப் பிடித்த பட்டாசுப் பெட்டிகள் அந்த மாதத்தில்தான் உள்ளே வரும்.